காவ்யாவுக்காக விட்ட டீ

11 ஜூன் 2025, புதன்

பக்ரீத் கறி இன்னும் ஃப்ரிட்ஜில் இருக்கிறது. பிரியாணி, குழம்பு, வறுவல், கட்லெட் எல்லாம் ஆகிவிட்டது. மஸூத் இன்று காலையில் டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மூடினார். என் கணவர் குறை சொல்லாதவர். பூந்தமல்லியில் செல்போன் ரிப்பேர் கடை. நாளெல்லாம் ஊரார் சொல்லும் குறையைக் கேட்டுவிட்டு வருகிறவருக்குச் சொந்தமாக ஒன்று சொல்லத் தெம்பு இருப்பதில்லை.

சாயங்காலம் ஆவடியில் மனசுக்குப் பார்க்கிற டாக்டரம்மா. மூன்றாவது தடவை. மாத்திரை அப்படியே தொடரட்டும் என்றார். கூடவே வீட்டுப்பாடமும் கொடுத்தார். முப்பத்தாறு வயதில் வீட்டுப்பாடம்!

உங்களை நீங்களே என்னவெல்லாம் திட்டிக்கொள்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். உபயோகமில்லாதவள், சோம்பேறி, யாருக்கும் என்னால் ஒன்றும் ஆகப்போவதில்லை, எல்லோருக்கும் பாரம்... பட்டியல் போய்க்கொண்டே இருந்தது. குறித்துக்கொண்டிருந்தவர் பாதியில் பேனாவை மூடினார். உங்களுக்கு இருக்கிற கஷ்டமெல்லாம் உள்ள ஒரு பெண்ணை மனதில் வைத்துக் கதை எழுதுங்கள், இதே வார்த்தைகளால் அவளைத் திட்ட முடிகிறதா பாருங்கள் என்றார்.

கதையா? நான் அம்பத்தூரில் ஸ்கேன் சென்டரில் ரிப்போர்ட் டைப் செய்கிறவள். அங்கே உள்ள டாக்டர் சொல்லச் சொல்ல அடிப்பேன். எனக்குத் தெரிந்த இலக்கியம் ஒரே ஒரு வரிதான்: குறிப்பிடும்படியாக எதுவும் இல்லை. என்னைப் படுக்க வைத்து ஸ்கேன் எடுத்தாலும் கடைசியில் அதுதான் வரும்.

12 ஜூன், வியாழன்

பெயர் வைத்தேன். காவ்யா. இதற்கே ஒரு நாள் போய்விட்டது.

16 ஜூன், திங்கள்

கதையை வீட்டில் எழுத முடியாது. மஸூதிடம் எனக்குத் தைராய்டு என்று சொல்லி வைத்திருக்கிறேன். தைராய்டுக்குக் கதை எழுதச் சொல்கிற டாக்டர் எந்த ஊரில் இருக்கிறார்? அதனால் ரயிலில் எழுதுகிறேன்.

8.05 லோக்கல், லேடீஸ் பெட்டி. பட்டாபிராமில் ஏறினால் அம்பத்தூர் இருபத்தைந்து நிமிஷம். கண்ணம்மாக்கா திருநின்றவூரிலேயே ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இடத்தில் தன் பையை வைத்து எனக்காகப் பிடித்து வைத்திருப்பார். வில்லிவாக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை. என்னை ஏன் பிடித்துப்போனது என்று தெரியாது. இரண்டு வருஷமாக நான் பேசியது நாலு வார்த்தை இருந்தால் அதிகம். ஆனால் ஒரு நாளில் நெஞ்சில் கல் இல்லாமல் இருப்பது இந்த இருபத்தைந்து நிமிஷம்தான். மற்ற நேரமெல்லாம் எப்போது படுக்கலாம் என்ற யோசனை.

இன்று நான் எழுத எழுத, ஆவடியில் ஏறும் நிஷா கம்பியைப் பிடித்து நின்றபடியே என் நோட்டைப் படித்துவிட்டாள். ஐடி கம்பெனியில் வேலை பார்க்கிற சின்னப் பெண். காதில் ஹெட்போன் இருந்தாலும் கண்ணுக்கு ஓய்வு கிடையாது. யாருக்கா இந்த காவ்யா என்றாள்.

கதை எழுதுகிறேன் என்று சொல்லியிருக்கலாம். கதை எழுத நான் என்ன பெரிய இவளா? வாய் தானாகச் சொன்னது: எங்கள் தெருவில் இருக்கிற பெண், உடம்பு சரியில்லை, அவளைப் பற்றி டாக்டருக்கு எழுதித் தரவேண்டும். ஒரே மூச்சில் மூன்று பொய். டாக்டர் மட்டும் பாதி நிஜம்.

"ஒடம்பா, மன்ஸா?" என்றார் கண்ணம்மாக்கா.

மனசுதான் என்றேன்.

"அப்ப வாய்வுட்டுப் படி. நாங்களும் கேக்கறோம்."

படித்தேன். வேறு என்ன செய்ய? அண்ணனூரில் ஏறி எதிர் சீட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மாவும் காதைக் கொடுத்தார்.

18 ஜூன், புதன்

காவ்யா வீட்டை விட்டு வெளியே வருவதில்லை. புடவைக்கு ஃபால்ஸ் தைத்துக் கொடுத்துக்கொண்டு உள்ளேயே இருக்கிறாள். தெருமுனையில் இரண்டு பேர் சிரித்தால் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று கதவைச் சாத்திக்கொள்கிறாள். இன்று படித்தது இவ்வளவுதான்.

கண்ணம்மாக்கா கேட்டுவிட்டு, "அவ இன்னா எம்எல்ஏவா, தெருவே அவளப் பத்தி நெனச்சிகினு இருக்க? அவனவனுக்கு அவனவன் ரோதன" என்றார். பெட்டி முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்துவிட்டேன். இதை இதுவரை எனக்கு யாரும் சொன்னதில்லை. நான் யாரிடமும் கேட்டதில்லை என்பது வேறு விஷயம்.

டாக்டரம்மா சொன்னது சரிதான். காவ்யாவைச் சோம்பேறி என்று எழுதப் பார்த்தேன். கை வரவில்லை. பாவமாக இருந்தது.

20 ஜூன், வெள்ளி

காவ்யாவுக்கு ரத்தம் கம்மியாக இருக்கும் என்று அண்ணனூர் அம்மா ஒரு கட்டு முருங்கைக்கீரை கொடுத்தார். வாங்காமல் இருக்க முடியவில்லை. ராத்திரி நானும் மஸூதும் சாப்பிட்டோம். குற்ற உணர்ச்சியோடு சாப்பிட்டாலும் ருசியாகத்தான் இருந்தது.

24 ஜூன், செவ்வாய்

வம்பு முற்றிவிட்டது. அண்ணனூர் அம்மா ஒரு புடவையையும் ஃபால்ஸ் துணியையும் கொடுத்து, காவ்யாவிடம் தைத்து வாங்கி வா, அந்தப் பெண்ணுக்கு ஒரு வேலை கொடுத்த மாதிரி இருக்கும் என்றார். காவ்யாவுக்கு ரிப்போர்ட் டைப் செய்யும் வேலை கொடுத்திருக்கக் கூடாதா நான்? எனக்குப் பட்டன் தைத்தாலே அது சட்டையோடு சேர்ந்து என் துப்பட்டாவையும் பிடித்துக்கொள்ளும்.

மஸூத் கடையிலிருந்து வருவதற்குள் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு மணி நேரம் தைத்தேன். விரலில் நாலு குத்து. அழுகை கூட வரவில்லை, நேரம் எங்கே?

26 ஜூன், வியாழன்

புடவையைத் திருப்பிக் கொடுத்தேன். அண்ணனூர் அம்மா ஓரத்தை நீவிப் பார்த்துவிட்டு, சுமார்தான், ஆனால் மனசு சரியில்லாத பெண், பரவாயில்லை என்றார். எனக்கு ரோஷம் வந்தது. ரோஷம் வந்து எவ்வளவு நாளாயிற்று என்று அப்புறம்தான் யோசித்தேன்.

இன்றைய கதையில் காவ்யா செய்யாத தப்புக்கு அவள் அண்ணி அவளைத் திட்டினாள். காவ்யா ஸாரி சொன்னாள். கண்ணம்மாக்காவுக்கு அப்படி ஒரு கோபம். "நான் செய்யலன்னு மட்டும் சொல்ல சொல்லு. காரணம் கீரணம் ஒண்ணியும் வாணாம்" என்று எனக்கு உத்தரவு.

27 ஜூன், வெள்ளி

எழுதாமல் இருக்க முடியவில்லை. சந்தோஷத்தில்தான்.

ஒரு பாட்டிக்கு வலது முழங்கால் ஸ்கேன். ரிப்போர்ட்டில் இடது என்று போய்விட்டது. மேனேஜர் சிவராமன் சார் எல்லோர் முன்னாலும், ரூஹியா இருக்கும் என்று என்னைக் காட்டினார். எப்போதும் நான்தான் "இருக்கும்". நானும் யார் அடித்தது என்று பார்க்காமலே ஸாரி சார் என்பேன். இன்று வாயைத் திறந்தால் காவ்யா வருகிறாள். நான் அடிக்கல சார் என்றேன். அவ்வளவுதான். அவர் கம்ப்யூட்டரில் பார்த்தார். நான் இல்லை. ஓ, சரிம்மா என்று போய்விட்டார்.

வானம் இடிந்து விழவில்லை. பாத்ரூமில் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன். அப்புறம் டிபனைப் பாக்ஸ் காலியாகும் வரை சாப்பிட்டேன்.

2 ஜூலை, புதன்

எழவில்லை.

3 ஜூலை, வியாழன்

எழவில்லை. ஒரு காரணமும் இல்லை. யாரும் எதுவும் சொல்லவில்லை. அதுதான் பெரிய அவமானமாக இருக்கிறது. மஸூத் வாசலில் நின்று யாருக்கோ போனில், தைராய்டுன்னா இப்படித்தான் அசதியா இருக்குமாம் என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

7 ஜூலை, திங்கள்

இன்று போனேன். ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று கேட்டார்கள். காவ்யாவுக்கு ரொம்ப மோசம், எழுந்திருக்கவே இல்லை, கூட இருந்தேன் என்றேன். இதில் எது பொய் என்று எனக்கே தெரியவில்லை.

ஆவடியில் நிஷா ஏறினாள். கண்ணம்மாக்கா உடனே திருவேற்காடு எந்தத் திசை என்று நிஷாவைப் போனில் பார்க்கச் சொன்னார். அந்தப் பக்கம் திரும்பிக் கும்பிட்டு, "கருமாரி தாயே, அந்தப் பொண்ணு எய்ந்து வந்து இந்த வண்டில எம் பக்கத்துல குந்தற வரிக்கும் நான் டீ குடிக்க மாட்டேன்" என்றார். சொன்ன கையோடு ஃபிளாஸ்க்கை எடுத்து நிஷாவிடம் கொடுத்து, குடிச்சிடு என்றார்.

கண்ணம்மாக்காவும் டீயும்! ஒரு நாளைக்கு ஏழு டம்ளர். வேலையிலிருந்து ரிட்டையர் ஆனாலும் டீயிலிருந்து ஆகமாட்டேன் என்று சொல்கிறவர். பதறிப்போய், வெல்லத்தை விடுங்களேன், பாகற்காயை விடுங்களேன் என்று கெஞ்சினேன். பிடிக்காததை விட்டால் சாமிக்குத் தெரியாதா என்று கேட்டார்.

காவ்யா என்று ஒருத்தி இல்லை என்பது கருமாரிக்கும் தெரியும், அல்லாஹ்வுக்கும் தெரியும். தெரியாதது கண்ணம்மாக்காவுக்கு மட்டும்தான்.

10 ஜூலை, வியாழன்

டீ இல்லாமல் அக்காவுக்கு மண்டை இடி. பெட்டி முழுக்கத் தைல வாசனை. நேற்று கூடை வைத்ததற்காக ஒருத்தியோடு சண்டை, இன்று ஃபேன் சுற்றாததற்காக ஃபேனோடு சண்டை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சத்தமில்லாமல் இருக்கிறார்களாம். என்னைப் பார்க்கிற ஒவ்வொருத்தியும் ஒரே கேள்விதான் கேட்கிறாள்: காவ்யா எப்போது எழுந்திருப்பாள்? காவ்யா மேல் உள்ள பாசத்தில் இல்லை. அவரவர் நிம்மதி அவரவருக்கு.

15 ஜூலை, செவ்வாய்

காவ்யாவைக் கோயம்புத்தூரில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று இன்று ஒரு அத்தியாயம் தயார் செய்து கொண்டுபோனேன். அங்கேயே குணமாகி அங்கேயே இருந்துவிடுவாள். தொல்லை தீர்ந்தது.

கண்ணம்மாக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. கோயம்புத்தூர் போக சென்ட்ரலுக்கு வரவேண்டும், சென்ட்ரலுக்கு வர நம் வண்டியில்தானே வரவேண்டும், எந்த நாள் என்று சொல், இடம் பிடித்து வைக்கிறேன் என்றார். மூட்டை தூக்க நான் வருகிறேன் என்றாள் நிஷா. அண்ணனூர் அம்மா வழியில் சாப்பிடப் புளிசாதம் கட்டித் தருகிறாராம்.

காவ்யாவின் பயணம் ரத்து.

22 ஜூலை, செவ்வாய்

விளையாட்டாகத்தான் உட்கார்ந்தேன். லீவு போட்ட நாள், மத்தியானம், வீட்டில் யாருமில்லை. காவ்யாவைக் கொன்றுவிட்டால் எல்லாம் முடிந்துவிடும், இரண்டு நாள் துக்கம், மூன்றாம் நாள் அக்கா டீ குடிப்பார் என்று நினைத்தேன்.

ஆறு வாரமாக அவளைக் கதவைத் திறக்க வைக்க என்ன பாடு. ஒரு வாக்கியத்துக்கு ஒரு நாள். இது மட்டும் இரண்டே வரியில் முடிந்துவிட்டது. பேனா எங்கேயும் நிற்கவில்லை. மூன்றாவது வரி தானாக வந்து விழுந்தது: யாருக்கும் பெரிய நஷ்டம் இல்லை.

படித்துப் பார்த்தேன். இது காவ்யா வரி இல்ல. இது எனக்கு மனப்பாடம். எத்தன நாளா உள்ள ஓடிக்கிட்டிருக்கு — நான்தான் கேக்காத மாதிரி இருந்திருக்கேன் —

பயமா இருக்கு. பயமா இருக்குன்னு எழுதிட்டேன்.

நஷ்டம் இல்லையாமே. ஒரு பொம்பள பதினஞ்சு நாளா டீ குடிக்கல. ஒருத்தி கீரை கொண்டாந்தா. ஒருத்தி மூட்டை தூக்க வர்றேன்னா. முகம் கூடப் பாக்காத பொண்ணுக்கு. நஷ்டம் இல்லைன்னு அந்தப் பெட்டியில போய்ச் சொல்லிப் பாக்கட்டும் யாராவது.

அந்தப் பக்கத்தை அடித்துவிட்டேன். டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். தனியாக இருக்காதீர்கள், வீட்டில் இருப்பவரைக் கூட்டிக்கொண்டு இப்போதே வாருங்கள் என்றார். மஸூதைக் கூப்பிட்டேன். கடையைப் பாதியில் சாத்திவிட்டு வருகிறார். வாசலில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன், நாலு பேர் கண்ணில் படுகிற மாதிரி.

23 ஜூலை, புதன்

மாத்திரை மாறியிருக்கிறது. இனி வாரா வாரம் போகவேண்டும், மஸூதும் கூட வரவேண்டும்.

நேற்று டாக்டரம்மா ரூமில் எல்லாவற்றையும் சொன்னேன். மஸூத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்து பைக் சாவியை எடுத்தார். அப்புறம், "தைராய்டுக்கு ஆகாதுன்னு ரெண்டு மாசமா வீட்ல கோஸே வாங்கலியே ரூஹி" என்றார். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது அவருக்கு. கோஸ் பொரியல் என்றால் அவருக்கு உயிர். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. ஆவடி மார்க்கெட்டில் ஒரு கோஸ் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம்.

ஒரு பொய்க்குக் கோஸ், இன்னொரு பொய்க்கு டீ. என்னால் இன்னும் எத்தனை பேர் எதையெல்லாம் விட்டிருக்கிறார்களோ.

25 ஜூலை, வெள்ளி

இன்று சொல்லிவிடுவது என்று போனேன். சொல்லவில்லை. தைலம் வாங்கிக் கொடுத்தேன்.

28 ஜூலை, திங்கள்

இன்றும் இல்லை. சொன்னால் அந்தப் பை நாளைக்கு எனக்காக இடம் பிடிக்காது. அந்த இருபத்தைந்து நிமிஷமும் போனால் எனக்கு வேறு என்ன இருக்கிறது? மஸூத் சொன்னார், அவங்க தலைவலிக்கு நீதானே பொறுப்பு, போய்ச் சொல்லு என்று. குறை சொல்லாத மனிதர் சொன்ன முதல் குறை.

30 ஜூலை, புதன்

சொல்லிவிட்டேன்.

அம்பத்தூர் வந்தது. நிஷா இறங்கினாள். நான் இறங்கவில்லை. அக்கா திரும்பிப் பார்த்தார். வண்டி கிளம்பியதும் சொல்ல ஆரம்பித்தேன். காவ்யா என்று யாரும் இல்லை, நான் எழுதிய கதை, டாக்டர் எழுதச் சொன்னார், கதை என்று சொல்லக் கூச்சமாக இருந்தது, கீரையை நான்தான் தின்றேன், ஃபால்ஸ் நான்தான் தைத்தேன். பட்டரவாக்கம், கொரட்டூர் எல்லாம் போய்விட்டது.

"இருவத்திமூணு நாளு," என்றார் அக்கா. "மண்ட ரெண்டா பொளந்துகினு கீது. இல்லாத ஒருத்திக்காவா?"

"இல்லாதவ இல்லக்கா," என்றேன். "எழுந்திருக்க முடியாதவ நான்தான். அவளுக்கு வந்ததெல்லாம் எனக்கு வந்ததுதான்."

"நீயா?"

"நான்தான்."

மேலிருந்து கீழே வரை பார்த்தார். வில்லிவாக்கம் வந்துவிட்டது, இரண்டு பேரும் இறங்கினோம். பிளாட்பாரத்தில் நாலு எட்டு நடந்தவர் சட்டென்று நின்றார்.

"எய்ந்து வந்து எம் பக்கத்துல குந்தணும்னு வேண்டிகினேன். நீதான் தெனிக்கும் வந்து குந்திகினு கீறியே."

ஒரு நாள்கூட நான் அதை அப்படி எண்ணிப் பார்த்ததில்லை. காலையில் எழுந்து, குளித்து, தலை சீவி, டிபன் கட்டி, படி ஏறி இறங்கி — அத்தனை நாளும் நான் எழுந்து வந்திருக்கிறேன். அவர் வேண்டிக்கொண்ட அன்றைக்கே, வேண்டிக்கொண்ட அந்த நிமிஷமே, பக்கத்தில் உட்கார்ந்துதான் இருந்தேன்.

அக்காவுக்கும் அதே நேரத்தில் அதே கணக்கு ஓடியிருக்கவேண்டும். முகம் சிவந்துவிட்டது. "அப்ப மொத நாளே நான் டீ குடிச்சிருக்கலாம்" என்றார். பொய் சொன்னதற்குக்கூட அவ்வளவு கோபம் இல்லை. இதற்குத்தான். கடையில் போய் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு டீ குடித்தார். என் பக்கம் திரும்பவில்லை. எனக்கு ஒன்று வேண்டுமா என்றும் கேட்கவில்லை. மூன்றாவதைக் கையில் எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார்.

எதிர்த் திசை வண்டி பிடித்து ஆபீஸ் போனபோது ஐம்பது நிமிஷம் லேட்.

31 ஜூலை, வியாழன்

அக்கா எதிர் சீட்டில் உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் என் வழக்கமான இடத்தில் அவர் பை இருந்தது. எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

1 ஆகஸ்ட், வெள்ளி

இன்றும் அதேதான். பை கொஞ்சம் கனமாக இருந்தது, உள்ளே ஃபிளாஸ்க்.

4 ஆகஸ்ட், திங்கள்

அண்ணனூரில் வண்டி நின்றபோது அக்கா வாயைத் திறந்தார். அந்தப் புடவைக்கு ஃபால்ஸ் தைத்த லட்சணத்தைத் தானும் பார்த்ததாகவும், இனி ஊசியைக் கையால் தொடக்கூடாது என்றும் சொன்னார். சரிக்கா என்றேன். அண்ணனூர் அம்மா, நான் அன்றைக்கே சொன்னேன் இல்லையா என்றார். கீரைக்கு மட்டும் யாரும் கணக்குக் கேட்கவில்லை.

பிறகு அக்கா எதிர் சீட்டிலிருந்து எழுந்து வந்து என்னை நகரச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். காவ்யாவுக்கு அப்புறம் என்ன ஆனது என்று கேட்டார். அவள் இல்லை என்றுதான் சொல்லிவிட்டேனே என்றேன்.

"அவ இல்லாங்காட்டி இன்னா? கத கீது இல்ல? படி."

அந்த அண்ணியை ஒரு வழி பண்ணாமல் விடக்கூடாது என்பது பெட்டியின் ஏகமனதான தீர்மானம்.

20 ஆகஸ்ட், புதன்

எழ முடியவில்லை. பதினாறு நாளைக்குப் பிறகு அந்தக் கல் மறுபடி வந்து உட்கார்ந்திருக்கிறது. மஸூத் பக்கத்தில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டார். டாக்டரம்மா சொல்லியிருந்தார், இப்படி நாட்கள் வரும், வந்தால் தோற்றதாக அர்த்தமில்லை என்று. 8.05 போகிற சத்தம் படுக்கையிலேயே கேட்டது.

போன் அடித்தது. ரயில் சத்தத்துக்கு நடுவில் கண்ணம்மாக்கா. ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை.

"முடிலன்னா இன்னிக்கு பட்த்துக்க. நாளிக்கி வா. எடம் எங்கியும் போவாது. ஆனா டீய வுட மாட்டேன், இப்பவே சொல்ட்டேன்."

போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டே படுத்திருந்தேன். மஸூத் என்ன என்று கேட்டார். மணியைப் பார்த்தேன், எட்டு பதினைந்து. அடுத்த வண்டி எட்டு நாற்பதுக்கு.